கொழும்பில் பல்லுக்கொதி, சிங்களம் தெரியாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் வைத்தியர் இல்லை. வெள்ளவத்தையில் இருக்கிறேன், மூன்று மொழியும் ஓரளவு ஓடும், அவ்வளவுதான் என் தகுதி. ஆவணியிலும் மார்கழியிலும் பாரிஸிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் சொந்தங்கள் வந்து இறங்கும். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார். அவர்களுக்குத் தமிழும் பிரெஞ்சும் தெரியும், சிங்களம் தெரியாது. சென்னையிலிருந்து வருபவர்களும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மூத்தவர்கள் பலருக்கும் இந்த ஒரு விஷயத்தில் கொழும்பு வெளிநாடு மாதிரித்தான். அவர்களோடு கூடப் போய் அந்தப் பச்சைக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவை இவை.

சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. போகலாமா?

தாராளமாகப் போகலாம். டொக்டரிடம் பெரும்பாலும் சிக்கல் வராது. இலங்கைப் பல் வைத்தியர்களில் அநேகமானோர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்து வந்தவர்கள். உங்களிடம் உடைந்த ஆங்கிலம் இருந்தாலும் அது போதும். சிக்கல் கதிரைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது: வாசலில் நிற்கும் காவலாளி, நம்பர் கொடுக்கும் பிள்ளை, பஞ்சு எடுத்துக் கொடுக்கும் உதவியாளர். அவர்களில் பலருக்குச் சிங்களம் மட்டும்தான். அங்கே ஒரு சிரிப்பும் "மட்ட சிங்கள பேஹே" என்ற மூன்று சொல்லும் போதும். எனக்குச் சிங்களம் வராது என்பதுதான் அதன் பொருள். அதையே சிங்களத்தில் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ் பேசும் டொக்டரை எப்படித் தேடுவது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் தேடவே தேவையில்லை, பெயர்ப்பலகையிலேயே தமிழ் இருக்கும். தெஹிவளைப் பக்கத்து முஸ்லிம் டொக்டர்களை மறந்துவிடாதீர்கள். பலருக்கு வீட்டு மொழி தமிழ், வேலை மொழி ஆங்கிலம், தெரு மொழி சிங்களம்.

பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். தமிழ்ப் பெயர் இருக்கும், கொழும்பில் ஆங்கிலத்திலேயே வளர்ந்திருப்பார். சிங்களப் பெயர் இருக்கும், வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ சில வருடம் அரச வேலை பார்த்து "எங்க நோகுது அம்மா?" என்று அழகாகக் கேட்பார். போன் எடுத்து "தெமள புளுவந்த?" என்று கேளுங்கள். தமிழ் முடியுமா என்று பொருள். பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் டொக்டரைச் சனல் பண்ணிவிட்டு, அதாவது முன்கூட்டியே நேரம் பதிந்துவிட்டு, போக வேண்டும். இணையத்திலோ போனிலோ பண்ணலாம். பில்லில் டொக்டர் காசு வேறு, ஆஸ்பத்திரிக் காசு வேறு என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும், பயப்பட வேண்டாம்.

உண்மையான பல் வைத்தியர்தானா என்று எப்படி அறிவது?

பதிவு இலங்கை மருத்துவச் சபையில் இருக்க வேண்டும். தனியார் கிளினிக்குகளுக்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனிப் பதிவு உண்டு, சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில் "பல் செட் உடனே கட்டித் தரப்படும்" என்று தகரத்தில் எழுதியிருந்தால் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கதிரையில் சாயும் முன் என்ன சொல்ல வேண்டும்?

முழுவதையும். வாயைத் திறந்தபின் உங்களுக்கும் மொழி கிடையாது, எனக்கும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே "ஆ...ஆ"தான். அதற்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்து நிமிடம்தான் மொழிபெயர்ப்புக்கு உரிய நேரம். பலர் அதைச் சூத்தைப் பல்லைக் காட்டுவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். சூத்தை டொக்டரின் கண்ணுக்குத் தெரியும், எக்ஸ்ரேயில் தெரியும். தெரியாதவற்றைச் சொல்லுங்கள்.

என்ன மருந்து ஒவ்வாது? குறிப்பாகப் பெனிசிலின். என்ன குளிசை குடிக்கிறீர்கள்? இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரின், குளோப்பிடோக்ரெல், வார்ஃபரின் குடிப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். பல் கழட்டப் போகிறோம் என்று நீங்களாக அவற்றை நிறுத்திவிட்டும் வரக்கூடாது, அது பல்லை விடப் பெரிய ஆபத்து. எலும்பு தேயாமலிருக்கக் கிழமைக்கு ஒரு குளிசை போடும் மாமிமார் பலர் அதை மருந்தென்றே கணக்கெடுப்பதில்லை. அலன்ட்ரோனேட் போன்ற அந்தக் குளிசை குடிப்பவர்களில் சிலருக்குப் பல் கழட்டிய இடத்துத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. சொன்னால் டொக்டர் அதற்கேற்ப யோசிப்பார். சுகர், பிரஷர், இருதய வால்வு, கர்ப்பம், முன்பு விறைப்பூசி போட்டு மயங்கிய அனுபவம், இவையும் அதே பட்டியல்தான்.

நல்ல செய்தி என்னவென்றால் சுகர், பிரஷர், எக்ஸ்ரே, ஊசி என்பதற்கு இன்ஜெக்‌ஷன், இவையெல்லாம் சிங்களத்திலும் அப்படியேதான். மருந்துப் பெட்டிகளைப் படம் எடுத்து வையுங்கள். வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸில் டொலிப்ரான், கனடாவில் டைலனோல், இந்தியாவில் டோலோ, இங்கே பனடோல், நான்கும் பரசிட்டமோல்தான். பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைக் காட்டினால் எந்த ஊர் டொக்டருக்கும் விளங்கும்.

நோவை எப்படிச் சொல்வது? "பல் வலிக்குது" போதாதா?

போதாது. இதில்தான் அதிகம் தடுமாறுகிறோம், அதுவும் தமிழில் இதற்கு இவ்வளவு சொல் இருக்கும்போது.

ஐஸ் தண்ணி பட்டதும் சுளீரென்று கூசி, உடனே அடங்கினால் அது கூச்சம். பல்லின் உள்ளே நரம்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கலாம். சுடு தேத்தண்ணி குடித்தபின் கிளம்பி, குடித்து முடித்தும் பத்து நிமிடம் நின்று கொதித்தால் உள்ளே நரம்பு இருக்கும் கூழ் அழிந்துகொண்டு வருகிறது, அதை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கனல் சிகிச்சையோ கழட்டுவதோ வரும். கடிக்கும்போது மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கடித்தால் குத்துகிறது என்றால் பல்லில் வெடிப்பு இருக்கலாம். படுத்தால் விண்விண்ணென்று தெறித்து, எழுந்து உட்கார்ந்தால் குறைந்தால் சீழ் கட்டியிருக்கலாம். மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றாக உளைந்து, மூக்கும் அடைத்து, குனிந்தால் கூடினால் அது பல்லே இல்லாமல் சைனஸாகவும் இருக்கலாம்.

ஆகவே "எது பட்டால், எவ்வளவு நேரம், எப்போது கூடும்" என்ற மூன்றையும் சொல்லுங்கள். தெரியாத மொழியில் "கொதிக்குது" என்று சொல்ல வராது. ஐஸ், சுடுதண்ணி, கடி என்று மூன்று படம் கீறி, பக்கத்தில் எத்தனை நிமிடம் என்று இலக்கம் போட்டால் போதும். நான் ஒரு முறை பாரிஸ் மருமகனுக்கு மருந்துத் துண்டின் பின்பக்கம் அப்படிக் கீறிக் கொடுத்தேன். டொக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஆனால் திருப்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. என் பெரிய மாமியைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் டொக்டர் பல்லைத் தட்டி, "பெயின்?" என்று கேட்டார். மாமி கண்ணை இறுக்கிக்கொண்டு, "நோ! நோ!" என்றார். டொக்டருக்குச் சந்தோஷம், இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினார். "ஐயோ, சரியான நோ!" என்று மாமி கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. நமக்கு நோ என்றால் வேதனை, ஆங்கிலத்தில் நோ என்றால் இல்லை. கதிரையில் இருக்கும்போது "ரிதெனவா" என்று சொல்லிப் பழகுங்கள். சிங்களத்தில் நோகுது என்பது அதுதான்.

எந்தப் பல் என்று காட்டுவதற்கு விரல் போதாதா?

முன்பல்லுக்குப் போதும். கடைவாயில் விரல் வைத்தால் மூன்று பல்லை மூடும். அதோடு நோவும் ஊர்விட்டு ஊர் போகும், கீழ்ப் பல் பழுதாகி மேல் பல் நோவது வழமை.

வாயை நான்காகப் பிரித்து இரண்டு இலக்கம் போடும் முறை உலகின் பெரும்பகுதியில் இருக்கிறது. உங்கள் மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. அதற்குப் பக்கத்தில் நடுப்பல்லிலிருந்து எண்ணி 1 முதல் 8 வரை. ஆக 16 என்றால் மேல் வலதுபுறம் ஆறாவது பல், முதல் பெரிய கடைவாய்ப்பல். பிரான்ஸ், ஜெர்மனி, கனடாவில் இதுதான் நடைமுறை. அமெரிக்காவில் மட்டும் 1 முதல் 32 வரை ஒரே வரிசையாக எண்ணுவார்கள். அங்கே 16 என்றால் மேல் இடது ஞானப்பல்! நியூயோர்க் டொக்டர் எழுதிய கடிதத்தோடு வந்தால், எந்த முறை என்று வாயால் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். வலது, இடது எப்போதும் நோயாளியின் பக்கம்தான், பார்ப்பவர் பக்கம் இல்லை.

இதில் இன்னொரு பொறி. சிங்களத்தில் இடது "வம", வலது "தகுண". நம் காதுக்கு "வம" என்றால் வலம் மாதிரிக் கேட்கும். உதவியாளர் "வம பெத்த" என்றால் இடதுபக்கம். நான் இதில் ஒரு முறை விழுந்திருக்கிறேன். நல்ல காலம், எக்ஸ்ரே மட்டும்தான் பக்கம் மாறியது. மேல் "உட", கீழ் "யட்ட".

கதிரையில் காதில் விழும் சிங்களச் சொற்கள் எவை?

"கட்ட அரின்ன" என்றால் வாயைத் திறங்கள். "ஹப்பன்ன" கடியுங்கள். "கெள கஹன்ன" துப்புங்கள். "ஹிரி" என்று ஏதாவது கேட்டால் விறைத்துவிட்டதா என்று கேட்கிறார்கள். "தத்த" பல். "கலவன்ன" கழட்டுவது, நம் சொல்லுக்குக் கிட்டவே ஒலிப்பதால் மறக்காது. "புரவன்ன" அடைப்பது. "நவத்தன்ன" நிறுத்துங்கள்.

கடைசிச் சொல்லை வாயில் கருவி இருக்கும்போது சொல்ல முடியாது. அதனால் தொடங்குமுன்பே இடது கையை உயர்த்திக் காட்டி, இது நிறுத்தச் சைகை என்று டொக்டரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் டொக்டர் உங்கள் வலப்பக்கம் இருப்பார், வலது கையை உயர்த்தினால் ஊசியைத் தட்டிவிடுவீர்கள். தலையை ஆட்டுவது வேண்டவே வேண்டாம். நம் ஆட்களின் தலையாட்டலுக்கு ஆமா, இல்லை, பார்ப்போம் என்று மூன்று பொருள் உண்டு, வாய்க்குள் துளைகருவி இருக்கும்போது மூன்றுமே ஆபத்து.

தாதியை "மிஸ்" என்று கூப்பிடுங்கள், இங்கே அதுதான் மரியாதை. "அக்கா" என்றாலும் விளங்கும், இரண்டு மொழிக்கும் பொதுச்சொல். "தாத்தா" மட்டும் கவனம், சிங்களத்தில் அது அப்பா.

போனில் மொழிபெயர்க்கும் ஆப் உதவுமா?

"எத்தனை மணிக்கு வர வேண்டும்" என்பதற்கு உதவும். "விண்விண்ணெண்டு தெறிக்குது" என்பதற்கு அது ஏதோ கவிதை எழுதித் தரும். பேச்சுத் தமிழை விட்டுவிட்டு, எழுத்துத் தமிழில், ஒரு வசனத்துக்கு ஒரு விஷயமாகக் கொடுங்கள். வந்த சிங்களத்தைத் திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், பொருள் மாறாவிட்டால்தான் காட்டலாம். மருந்துப் பெயரை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

பிள்ளை சிங்களம் படிக்கிறான், அவனைக் கூட்டிப் போகலாமா?

நம்பர் எடுக்க, பில் கட்ட, சரி. அப்பாவுக்குக் கழட்டுவதா இல்லையா என்பதைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் கேட்க வைக்காதீர்கள். அவனுக்குத் தெரியாத சொல் வந்தால் வெட்கத்தில் விழுங்கிவிடுவான்.

கேட்காமல் பல்லைக் கழட்டிவிடுவார்களா?

நல்ல டொக்டர் கழட்டமாட்டார். ஆனால் இரு பக்கமும் பாதி மொழியில் பேசும்போது ஒப்புதல் என்பது எளிதாக வழுக்கிப் போகும். கழட்டுவது அரை மணி, காக்கும் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தரம் வர வேண்டியிருக்கும். விடுமுறையில் வந்தவர் என்றால் "கழட்டிவிடுவோமா" என்ற பேச்சு சீக்கிரம் வரும். இரண்டு வழிக்கும் எவ்வளவு காசு, எத்தனை வருகை என்று கடதாசியில் எழுதித் தரச் சொல்லுங்கள். முடிவெடுக்க ஒரு இரவு கேட்பதில் தவறே இல்லை, நோவுக்கும் வீக்கத்துக்கும் மருந்து தந்து அனுப்புவார்கள்.

வேண்டாம் என்பதற்கு "எப்பா". "கலவன்ன எப்பா" என்றால் கழட்ட வேண்டாம். அதிலும் ஒரு குழப்பம் பார்த்தேன். மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவரிடம் இந்தப் பல் எடுக்க வேண்டும் என்றார்கள். அவர் "எப்ப? எப்ப?" என்று நாள் கேட்டார். உதவியாளர் அதை எப்பா என்று எடுத்துக்கொண்டு, வேண்டாமாம் என்று ஃபைலை மூடிவிட்டார். அன்று நோவோடு வீட்டுக்குப் போனவர் மறுபடி வரும்போது "எந்தத் தேதி" என்று கேட்கப் பழகியிருந்தார்.

அரச ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

கொழும்பு 7, வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. இலங்கையருக்கு அரச சிகிச்சை இலவசம், சிக்கலான கேஸ்களும் அங்கேதான் அனுப்பப்படும். விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும். நம்பரைச் சிங்களத்தில் கூப்பிட்டால் கவனம்: "ஹத்தர" நான்கு, "ஹத்த" ஏழு. என் சித்தப்பா ஏழாம் நம்பரை வைத்துக்கொண்டு நான்குக்கு எழுந்து போய்ப் பேச்சு வாங்கினார். துண்டைக் கையில் பிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிவிடுங்கள், அவரே உங்களை எழுப்பிவிடுவார்.

1956இல் அரச கரும மொழி சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆகவே அரச நிறுவனத்தில் தமிழில் பேசவும் படிவம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேளுங்கள். ஆனால் கன்னம் வீங்கிய நிலையில் கவுண்டரில் நின்று அரசியலமைப்பு பேச யாருக்கும் தெம்பு இருக்காது. அன்று வேலையை முடித்துக்கொண்டு, முறைப்பாட்டை வீக்கம் வற்றிய பின் எழுதுங்கள், கையெழுத்தும் நன்றாக இருக்கும்.

மருந்துக்கடையில் என்ன கவனிக்க வேண்டும்?

குளிசையை எண்ணிச் சின்னக் கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். "உதே" காலை, "றே" இரவு, "கேமட்ட பஸ்ஸே" சாப்பாட்டுக்குப் பின். உறையின் மேலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் மூன்று உறையும் ஒரே மாதிரி இருக்கும். மெட்ரோனிடசோல் தந்திருந்தால் அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை மதுவைத் தொடக்கூடாது, கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் கவனிக்க.

கொழும்புக்கே உரிய ஒரு விஷயம், டெங்கு. பல்லுக்கொதியோடு காய்ச்சலும் இருந்தால் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அஸ்பிரின் எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இவை இரத்தப்போக்கைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. காய்ச்சல் இருப்பதைப் பல் டொக்டரிடமும் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனை செய்யாமல் பல் கழட்டுவது அந்த நேரத்தில் ஆபத்து.

இரவில் கடை பூட்டிவிட்டால் கராம்பு. சிங்களத்திலும் "கராபு நெட்டி" என்றால் விளங்கும். அதிலுள்ள யூஜினோலைப் பல் டொக்டர்களே தற்காலிக அடைப்பில் பயன்படுத்துகிறார்கள். ஒரு கராம்பைக் கடித்து அந்த இடத்தில் வைக்கலாம். கராம்பு எண்ணெயை முரசில், அதாவது ஈறில், ஊற்றினால் புண்ணாகும். அஸ்பிரினைப் பல்லில் வைத்து அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது முரசைச் சுடும்.

இரண்டு கிழமை லீவில் இம்பிளான்ட் போட்டுவிட்டுப் போகலாமா?

பொதுவாக முடியாது. தாடையில் வைத்த திருகோடு எலும்பு ஒட்டப் பல மாதம் எடுக்கும், அதன்பின்தான் பல் வரும். இரண்டு பயணமாகத் திட்டமிட்டால் சரி. ரூட் கனலும் பல்லுக்கு மேல் போடும் உறையும் லீவின் முதல் கிழமையிலேயே தொடங்க வேண்டும். பறக்கும் நாளுக்கு முதல்நாள் பல் கழட்ட வேண்டாம். மேல் கடைவாய்ப்பல் என்றால் சைனஸ் பக்கம், எப்போது பறக்கலாம் என்று டொக்டரிடமே கேளுங்கள். கழட்டியபின் ஒரு நாள் கொப்பளிக்கவோ ஸ்ட்ரோவால் இளநீர் உறிஞ்சவோ கூடாது, இரத்தக்கட்டி கழன்றுவிடும். மூன்றாம் நாளளவில் நோ குறையாமல் கூடினால் திரும்பிப் போங்கள்.

புறப்படும்போது எக்ஸ்ரே, எந்தப் பல்லில் என்ன செய்தது என்ற குறிப்பு, விவரமான பில், மூன்றையும் ஆங்கிலத்தில் வாங்குங்கள். காப்புறுதிக்காரருக்குச் சிங்களப் பில்லை அனுப்பிப் பாரிஸ் மருமகன் பட்ட பாடு தனிக்கதை.

எப்போது கிளினிக்கை விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், வாய் திறக்க முடியவில்லை, கண் பக்கம் வீக்கம் ஏறுகிறது, இவற்றில் ஒன்று வந்தாலும். 1990 அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அங்கே மொழியைப் பற்றி யோசிக்காதீர்கள், வீக்கமே பேசும்.

கழட்டின பல்லைக் கேட்டால் தருவார்களா?

கேட்டால் பெரும்பாலும் கழுவித் தருவார்கள். ஒரு நாள் பக்கத்துக் கதிரையில் ஒரு சின்னப் பெண், பால்பல்லைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா சிங்களத்தில் ஏதோ அணிலைப் பற்றிச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். அணில் பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப்பல் தருமாம், கூரையில் எறிய வேண்டுமாம். பெரிய மாமிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "சாணியிலை உருட்டித்தானே எறியிறது," என்றார் மாமி, பாதி விறைத்த வாயால்.